எங்க வீட்டுக்காரரும் நம்ம சங்கமும்

(ஆண்டுப் பேரவையில் நம் கூட்டமைப்பின் பொருளாளர் பேசியது. பேசிய போக்கிலேயே மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



வழக்கமா பேரவையில எனக்குக் கொடுக்கிற வேலை வரவு செலவு வாசிக்கிறது. அது எனக்குப் பழகின வேலை. இந்தத் தடவை மலர்க்குழுவில இருக்கிற பிள்ளைங்க வந்து, "அக்கா, நீங்க அண்ணாச்சியைப் பத்திப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. மாட்டேன்னுதான் முதல்ல சொன்னேன். வீட்டுக்காரரைப் பத்தி மேடையில பேச என்ன இருக்கு? அவர் பெரிய ஆள் இல்ல. உடன்குடிப் பக்கம் பனையேறிப் பிழைச்சவர். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவர். அவர் போய் இந்த ஆடியோட ஒரு வருஷம் முடிஞ்சது.

அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நம்ம கூட்டத்துல வீட்டுக்காரர் பேச்சு வந்தா முக்கால்வாசி குடி, கடன், அடிதான். அதெல்லாம் பொய் இல்ல. இதே மைக்குக்கு முன்னால எத்தனை பேர் அழுதிருக்காங்க. அந்தக் கதைங்க நம்ம மலர்ல வந்திருக்கு, இன்னும் வரவும் வேணும். ஆனா சங்கத்துக்குத் துணை நின்ன ஆம்பளைங்களும் இருந்தாங்கன்னு ஒரு ரெண்டு பக்கம் இருக்கட்டுமே. அதுவும் இவர் "சரி, போயிட்டு வா"ன்னு தலையாட்டி அனுப்பினவர் இல்ல. கேள்வி கேட்டு, சண்டை போட்டு, அப்புறமா துணை நின்னவர்.

வெளியூர் அக்காமாருக்காகப் பனைத் தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். மாசி, பங்குனியில சீசன் தொடங்கினா ஆடி வரைக்கும் ஓடும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒவ்வொரு பனையா ஏறணும். இவர் நல்லா இருந்த காலத்துல நாப்பது பனை ஏறினார். மேல போய்ப் பாளையை மெல்லிசா சீவிவிட்டு, கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டணும். சுண்ணாம்பு குறைஞ்சா பதனி புளிச்சுப் போகும், கூடினாலும் கருப்பட்டி நல்லா வராது. இறக்கிக் கொண்டாந்த பதனியை விடிலியில வச்சுக் காய்ச்சுறது பொம்பளை வேலை. விறகு, ஓலை, புகை, அடுப்புச் சூடு எல்லாம் நமக்கு. பதம் பாத்து எடுத்துச் சிரட்டையில ஊத்தி வைக்கணும். பனையேறின்னு ஆம்பளைக்குத்தான் பேரு. ஆனா அடுப்படியில பொம்பளை இல்லாட்டா அந்தப் பதனி மத்தியானத்துக்குள்ள வீணாப் போயிரும். அதனால எங்க கல்யாணம் 1981-ல நடந்ததுன்னாலும், நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு வேலைக்காரனாத்தான் இருந்தோம்.

நாங்க சிஎஸ்ஐ சபை. எங்க பக்கத்துல கிறிஸ்தவம் ரொம்பப் பழசு. முதலூர்னு ஒரு ஊர் இருக்கு, 1799-ல உண்டான கிறிஸ்தவ ஊர். மெஞ்ஞானபுரம் கோவில் கோபுரம் 192 அடி. பனை உச்சியில நின்னா தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் அந்தக் கோபுரம் தெரியும்னு இவர் சொல்லுவார். நான் ஏறிப் பாத்தது இல்ல. ஒவ்வொரு பனையிலயும் கை வச்சு ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறுவார். நாப்பது பனைன்னா காலையில நாப்பது, சாயங்காலம் நாப்பது. "இவ்வளவு தடவை கூப்பிட்டா சாமிக்குக் காது வலிக்காதா?"ன்னு நான் கேலி பண்ணுவேன். "விழுந்தா ஒரு தடவைதான் விழுவேன், அது எந்தப் பனைன்னு எனக்குத் தெரியாதுல்லா"ம்பார்.

ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்குள்ள பெரிய வழக்கு. ஓய்வுநாள், வேலை செய்யக் கூடாது. ஆனா பாளையை ஒரு நாள் சீவாம விட்டா காஞ்சு போகும், பனைக்கு ஓய்வுநாள் தெரியாது. இவர் என்ன பண்ணுவார்னா, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கே டார்ச் லைட் எடுத்துக்கிட்டுப் போய்ச் சீவி இறக்கிட்டு, கோவில் மணி அடிக்கிறதுக்குள்ள குளிச்சு வந்திருவார். அந்தப் பதனியைக் காய்ச்ச விட மாட்டார். விக்கவும் மாட்டார். பானையோட வாசல்ல வச்சு, ரோட்டுல போறவங்க வர்றவங்களுக்கு ஓலைப்பட்டையில ஊத்திக் கொடுப்பார். வைகாசி விசாகம் சமயத்துல திருச்செந்தூருக்கு நடந்து போற பக்தருங்க கூட்டம் கூட்டமா வருவாங்க. அவங்களுக்கும்தான். "முருகனுக்குப் போறவங்களுக்கு வேதக்காரர் பதனி கொடுக்காரே"ன்னு சிலர் சிரிப்பாங்க. "தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே"ன்னு சொல்லிட்டு அடுத்த பட்டையை மடிக்க ஆரம்பிச்சிருவார். குலசை தசராவுக்கு வேஷம் கட்டிக்கிட்டு வர்றவங்களுக்குப் பதனி கிடையாது, அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். அவங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி. அதைப் போடுறது நான்.

ஒரு ஞாயித்துப் பதனியைக் காய்ச்சினா எட்டு, பத்து கிலோ கருப்பட்டி வரும். சீசனுக்கு இருபது ஞாயிறு. கணக்குப் போட்டுக்கோங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அது எவ்வளவு பெரிய காசு! இப்பவும் சொல்றேன், பாதிப் பானையாவது காய்ச்சியிருக்கலாம். இதுல அவர் சொன்னதை நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. அவரும் விடல. ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

இப்ப சங்கத்துக்கு வர்றேன். எங்க தெருவுல 15 பேர் சேந்து 2003-ல குழு ஆரம்பிச்சோம். வாரம் பத்து ரூபா சேமிப்பு. அதே 2003-லதான் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. சட்டம் வந்ததுன்னு எங்க தெருவுக்கு வட்டிக்காரர் வராம இருக்கல. நூத்துக்குப் பத்து ரூபா மாச வட்டி அப்ப சாதாரணம். நாங்க உள்கடனுக்கு நூத்துக்கு ரெண்டு ரூபான்னு வச்சோம். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நான் வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னேன்.

இவர் முகம் மாறிப் போச்சு. "ஏட்டி, எளியவன்கிட்ட வட்டி வாங்கக் கூடாதுன்னு மோசே காலத்துலயே எழுதி வச்சிருக்கு. உங்க பதினஞ்சு பேர்ல பணக்காரி யாரு? ஒருத்திகிட்ட ஒருத்தி வட்டி வாங்குறது என்ன நியாயம்?"

எனக்கு வந்தது கோவம். "மோசே காலத்துல பேங்க் இருந்துச்சா? பத்து ரூபா வட்டியில இருந்து ரெண்டு ரூபா வட்டிக்கு வந்திருக்கோம், அது உங்களுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டேன். ஒரு வாரம் சரியாப் பேச்சு இல்ல. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவரே கணக்கு நோட்டைக் கேட்டார். அரிக்கேன் விளக்குப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சார்.

"இந்த இருபது ரூபா வட்டி எங்க போவுது?"

"சங்கத்துக்கு."

"சங்கம்னா யாரு?"

"நாங்கதான்."

"வருஷக் கடைசியில?"

"எல்லாருக்கும் சரிசமமா பிரிப்போம்."

"கடனே வாங்காதவளுக்கும் பங்கு உண்டா?"

"உண்டு."

"அப்ப, கடன் வாங்குற அளவுக்குக் கஷ்டப்படுறவ கட்டுற வட்டியில, கடன் தேவைப்படாதவ லாபம் பாக்கா. அப்படித்தானே?"

எனக்குப் பதில் வரல. சகோதரிகளே, உங்க குழுவுல இதை யாராவது கேட்டிருக்காங்களா? எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கேன், பஞ்சசூத்திரம் மனப்பாடமாச் சொல்லுவேன், ஆனா இந்தக் கேள்வியை எந்தப் பயிற்சியிலயும் யாரும் கேக்கல. அடுத்த கூட்டத்துல நான் அதை அப்படியே எடுத்து வச்சேன். நல்ல சண்டை நடந்தது. கடைசியில ரெண்டு தீர்மானம் எழுதினோம். வட்டிப் பணத்தை வருஷக் கடைசியில பிரிக்காம சங்க நிதியிலேயே போடுறது. வைத்தியச் செலவுக்கு வாங்குற கடனுக்கு வட்டியே கிடையாது. பத்து மாசத்துல அசலை மட்டும் கட்டணும். எங்க குழுவோட பழைய தீர்மான நோட்டுல அது இன்னும் இருக்கு.

நான் வீட்டுல வந்து சொன்னதும் அவர் சொன்னது: "இப்ப இது கைப்பிடி அரிசி."

வேற மதத்து அக்காமாருக்கு இது புரியாது. எங்க சபையில பொம்பளைங்க உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில போடுவோம். இருக்கிற வீட்டுலயும் ஒரு கைதான், இல்லாத வீட்டுலயும் ஒரு கைதான். அதைச் சேத்துக் கோவிலுக்குக் கொடுப்போம். அந்தக் காலத்துல பள்ளிக்கூடம், கோவில் எல்லாத்துக்கும் இந்த அரிசியும் ஒத்தாசையா இருந்திருக்கு. எங்க அம்மா, அவங்க அம்மா எல்லாரும் போட்டவங்க. சங்கச் சேமிப்பும் அதுதான்னு எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல. அன்னையில இருந்து செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நான் கிளம்ப நேரமானா, "கைப்பிடி அரிசிக்கு நேரமாச்சு"ன்னு அவரே விரட்டுவார்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன், கருப்பட்டி வியாபாரம் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல. சீசனுக்கு முன்னால வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவோம். அதுக்காக அவர் சொல்ற விலைக்கே கருப்பட்டியைப் போடணும். சீசன் முடிஞ்சு மழைக்காலம் வந்தா விலை ஏறும், அந்த லாபம் நம்ம கைக்கு வராது. சங்கத்துக்கு முதல் பேங்க் கடன் கிடைச்சப்ப நாங்க ஆறு குடும்பம் அந்த முன்பணத்தை அடைச்சோம். கருப்பட்டியை ஓலைப்பெட்டியில கட்டி அடுப்புக்கு மேல புகை படுற மாதிரி வச்சு, கார்த்திகை வரைக்கும் காத்திருந்து வித்தோம். "அண்ணாச்சி, விலை ஏற ஜெபம் பண்ணுங்க"ன்னு பிள்ளைங்க கேலி பண்ணும். "ஜெபம் பண்ணி விலை ஏறாது, இருப்பு வச்சாத்தான் ஏறும். பொறுமை குடுங்கன்னு வேணா ஜெபம் பண்ணுதேன்"ன்னு சொல்லுவார்.

பேரப்பிள்ளைங்க விஷயத்துல அவர் வேற ஆளு. மகன்கிட்ட ஒரு நாள் கூடச் சிரிச்சுப் பேசாதவர், பேத்தி பிறந்ததும் குழைஞ்சு போனார். மகனுக்கு அதுல கொஞ்சம் வருத்தம் கூட உண்டு. "எனக்கு மட்டும் பிரம்பு, அவளுக்குப் பதனிப் பட்டையா?"ன்னு கேப்பான். குருத்தோலை ஞாயித்துக்கு முந்தின நாள் வடலியில குருத்து வெட்டிக் கொண்டாந்து, திண்ணையில பேரன் பேத்தி எல்லாரையும் உக்கார வச்சு ஓலைச் சிலுவை முடையச் சொல்லித் தருவார். சபைக்கே எங்க வீட்டுத் திண்ணையில இருந்துதான் போகும். இந்த வருஷம் அவர் இல்லாம பிள்ளைங்களே செஞ்சாங்க. கோணல்மாணலாத்தான் வந்தது. ஐயர் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டார். எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம், குழம்பிராதீங்க.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. அது சிறுநீரகத்துல போய் முடிஞ்சது. காப்பீட்டு அட்டையில டயாலிசிஸ் கிடைச்சதால வைத்தியத்துக்குப் பெரிய செலவு இல்ல. ஆனா வாரம் ரெண்டு நாள் பஸ்ஸுல போயிட்டு வரணும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல படுக்கணும். பஸ் செலவு, சாப்பாடு, வெளிய வாங்குற மருந்து. அதுக்குச் சங்கத்துல வைத்தியக் கடன் வாங்கினோம், வட்டி இல்லாத கடன். அந்தத் தீர்மானம் வரக் காரணமே அவர்தான். பணத்தைக் கொண்டு போய்க் கையில கொடுத்தப்ப ரொம்ப நேரம் எண்ணாம வச்சிருந்தார். "குடுக்கிறது எனக்கு லேசா இருந்துச்சு. வாங்குறதுதான் கஷ்டமா இருக்கு"ன்னார். ஆனா வேண்டாம்னு சொல்லல. எனக்கு அது பெரிய விஷயம். வீம்பு பிடிச்சிருந்தா நான் வேற எங்க போயிருப்பேன்?

சாகிறவரைக்கும் பதனி குடிக்கக் கூடாது, கருப்பட்டி தொடக் கூடாது, தண்ணி கூட அளந்துதான். வாழ்நாள் பூராவும் ஊருக்கே பதனி ஊத்தின மனுஷன் ஒரு டம்ளர் தண்ணியை நாள் பூராவும் வச்சு நக்கி நக்கிக் குடிச்சார். அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும்.

டயாலிசிஸ்ல பக்கத்துக் கட்டில்ல ஒரு தம்பி படுத்திருப்பான், சின்ன வயசு. அவன் பொண்டாட்டி ஒரு நாள் இவர்கிட்ட நேராவே கேட்டுட்டா: "பெரியப்பா, நீங்க இவ்வளவு ஜெபம் பண்ணுதீங்களே, உங்களுக்கே ஏன் இப்படி வந்துச்சு?" நானா இருந்தா கோவப்பட்டிருப்பேன். இவர் யோசிச்சுத்தான் சொன்னார்: "நான் சுகத்தைக் கேக்கலம்மா. கூட இருங்கன்னுதான் கேட்டேன். அது கிடைச்சிருக்கு." அந்தப் பிள்ளை அழுதா. அவர் போன பிறகு எங்க வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அதே கேள்வியை என்கிட்ட கேட்டாங்க. நான் அவர் சொன்ன பதிலைத்தான் சொன்னேன். எனக்கு அது முழுசாப் புரிஞ்சு சொன்னேனான்னு கேட்டா, இல்ல. சில ராத்திரி நானும் சாமிகிட்ட அதே கேள்வியைக் கேக்கத்தான் செய்றேன்.

அவர்கிட்ட ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூடத்து நோட்டு, நாப்பது பக்கம். விடியக்காலம் அதை வச்சுத்தான் ஜெபம் பண்ணுவார். அவர் இருக்கிற வரைக்கும் நான் தொட்டதில்ல. போன பிறகு திறந்து பாத்தா, வரிசையாப் பேரு. முதல் பக்கத்துல சொந்தக்காரங்க, ரெண்டாம் பக்கத்துல சபையார், அதுக்குப் பிறகு பூராவும் நம்ம சங்கத்துப் பொம்பளைங்க. பேரு சொல்ல மாட்டேன், இங்கதான் உக்காந்திருக்கீங்க. பேருக்கு நேரா "மகளுக்கு மஞ்சள் காமாலை, மூணு தவணை பாக்கி", "வீட்டுக்காரர் குடி, திருப்பூர் போயிட்டார்", "மாடு செத்துப்போச்சு". இந்துப் பேரும் உண்டு, முஸ்லிம் பேரும் உண்டு. குழு விஷயம் அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு என்னைக் கேக்காதீங்க. நான் ராத்திரி கணக்கு எழுதும்போது தானாப் புலம்புவேன், அவர் காதுல விழுந்திருக்கு. காரியம் சரியானா ஒரு டிக் போட்டிருக்கார். பாக்கித் தவணை கட்டின அன்னைக்கு நான் ரெஜிஸ்டர்ல டிக் போட, அவர் அந்த நோட்டுல போட்டிருக்கார்.

நோட்டு பூராவும் தேடினேன், அவர் பேரு இல்ல. கடைசியில இருந்து மூணாவது பக்கத்துல வேற கையெழுத்து, குண்டு குண்டா. எங்க பேத்தி எழுதினது. "தாத்தா. கிட்னி." அவருக்குத் தெரியாமத்தான் எழுதி வச்சேன்னு அவ சொன்னா. அதுக்கு நேரா ஒரு டிக் இருக்கு. அது அவர் போட்ட டிக், பென்சிலை அழுத்திப் போடுறது அவர் வழக்கம். எந்த நாள்ல போட்டார், என்ன நினைச்சுப் போட்டார், எனக்குத் தெரியாது. பேத்தி அந்த நோட்டைக் கேக்கா. இப்போதைக்கு என்கிட்டத்தான் இருக்கு.

நோட்டோட கடைசிப் பக்கத்துல ஜெபம் இல்ல, கணக்கு. பேங்க் பாஸ்புக் எந்தப் பெட்டியில இருக்கு, நாமினி யாரு, யாருக்கு நாம தரணும், யாரு நமக்குத் தரணும். தர வேண்டியதுல ஒருத்தர் தான் கொடுத்ததையே மறந்து போயிருந்தார், நான் கொண்டு போய்க் கொடுத்தப்ப முழிச்சார். இதை ஏன் சொல்றேன்னா, நம்மள்ல பல பேருக்கு வீட்டுக்காரர் பாஸ்புக் எங்க இருக்குன்னே தெரியாது. நாமினி பேரு இல்லாத கணக்குல இருந்து பணத்தை எடுக்க அலையிற அலைச்சல் எனக்குத் தெரியும், நம்ம உறுப்பினர்ங்க கூட நானே போயிருக்கேன். இறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிரணும், பிந்தினா அலைச்சல்தான். அப்புறம் பேங்க்ல வருஷத்துக்கு 436 ரூபாய்க்கு ஒரு ஆயுள் காப்பீடு இருக்கு, ரெண்டு லட்சம் கிடைக்கும். ஆனா 50 வயசுக்குள்ள சேரணும். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுல 70 வயசு வரைக்கும் இருக்கலாம். ரெண்டுக்கும் மே மாசக் கடைசியில கணக்குல பணம் இருக்கணும், இல்லாட்டா புதுப்பிக்க மாட்டாங்க. பனையேறுற வீடு, கட்டட வேலைக்குப் போற வீடு எல்லாரும் இன்னைக்கே போய்ப் பாருங்க. எங்களுக்கு அந்த ஆயுள் காப்பீடு கிடைக்கல, அது வரும்போதே இவருக்கு வயசு தாண்டிருச்சு.

அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் சொந்தத்துல பெரியவங்க வெள்ளைச் சேலையோட வந்தாங்க. மூணு மாசம் படி இறங்கக் கூடாதுன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க பாத்த வழக்கம் அது. அந்த வாரம் நம்ம கூட்டமைப்புல 11 பேருக்குக் கடன் எடுக்க வேண்டியிருந்தது. பேங்க்ல என் கையெழுத்து வேணும். இவர் போறதுக்கு முந்தின வாரம் கூட, "எனக்கு எதுவும் ஆனாலும் அந்தப் பதினொரு பேர் கடனை நிறுத்திராத"ன்னு சொல்லியிருந்தார். ஐயரம்மாகிட்டச் சொல்லி அனுப்பினேன். அவங்க வந்து, "அவர் சொன்னதைச் செய்யி, நான் கூட வாரேன்"னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் நம்ம குழு பொம்பளைங்க எட்டுப் பேர் வீட்டுக்கு வந்தாங்க. எல்லாரும் நம்ம கூட்டமைப்பு நீலச் சேலையில. யாரும் ஒண்ணும் சொல்லல. என் சேலையையும் கொடியில இருந்து எடுத்து மடிச்சு வச்சிட்டுப் போனாங்க. மறுநாள் அதைக் கட்டிக்கிட்டுத்தான் பேங்க்குக்குப் போனேன். ரோட்டுல பாத்து ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. போகட்டும். பதினொரு பேருக்கும் அன்னைக்கே பணம் வந்தது.

இன்னைக்குக் காலையில இந்த மேடையில குத்துவிளக்குல ஒரு திரியை என்னை ஏத்தச் சொன்னீங்க. ஏத்தலாமான்னு யாரும் கேக்கல, நானும் யோசிக்கல. ஆனா எல்லா ஊர்லயும் அப்படி இல்ல. வீட்டுக்காரர் போனதும் ஊக்குநர் பொறுப்புல இருந்து விலகச் சொன்ன குழுவும் நம்ம கூட்டமைப்புக்குள்ளயே இருக்கு. விளக்கேத்துற நேரம் வந்ததும் தானாப் பின் வரிசைக்குப் போய் நிக்கிற அக்காமார் இருக்காங்க. இன்னைக்கும் ரெண்டு பேரைப் பாத்தேன். அதனால நான் பேச வந்ததுல இதுதான் வேலையான விஷயம். கணவர் இறந்ததைக் காரணம் காட்டி எந்த உறுப்பினரையும் பொறுப்புல இருந்தோ, கையெழுத்து அதிகாரத்துல இருந்தோ, மேடையில இருந்தோ, விளக்கேத்துறதுல இருந்தோ விலக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம். வைத்தியக் கடனுக்கு வட்டி கூடாதுங்கிறதை எல்லாக் குழுவுக்கும் கொண்டு போகணும்னு இன்னொரு தீர்மானம். ரெண்டையும் நான் முன்மொழியுறேன். வழிமொழியுறவங்க கையைத் தூக்கிட்டுப் பேரையும் குழுப் பேரையும் செயலாளர்கிட்டச் சொல்லுங்க, அவங்க எழுதிக்குவாங்க.

அடுத்து வரவு செலவு வாசிக்கணும், அதுக்கும் நான்தான் நிக்கணும். தண்ணி குடிச்சிட்டு வந்திர்றேன்.